பூதூரா, புதூரா?

பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ் நின்றதும் கண்டக்டர் "பெரும்புதூர்லாம் எறங்கு" என்கிறார். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குள் அதே ஊர் பெரும்பூதூர் ஆகிவிடுகிறது. 1017இல் இராமானுசர் பிறந்த ஊருக்கு வைணவர்கள் வழங்கும் வடமொழிப் பெயரும் பூதபுரிதான். வித்தியாசம் ஒரு மாத்திரை.

நெடிலுக்குக் காரணம் தலபுராணத்தில் இருக்கிறது. சிவன் சடை விரிய ஆடியபோது பூதகணங்கள் சிரித்துவிட்டன. அண்டியிருக்கிற இடத்திலேயே எகத்தாளம்! சபித்துப் போகச் சொல்லிவிட்டார். அவை இங்கே வந்து திருமாலை நோக்கித் தவம் கிடந்து, அனந்தசரஸ் குளத்தில் முழுகிச் சாபம் தீர்ந்தன. விரட்டப்பட்டவர்கள் பெயரே ஊருக்கு நிலைத்தது.

கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசியிலும் இப்படி ஒரு சிரிப்பு உண்டு. ஒடிசியஸ் ஊரில் இல்லாதபோது அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்த 108 பேர், வருடக்கணக்கில் அவன் வீட்டில் டேரா போட்டு ஆடு, மாடு, பன்றி என்று தின்று தீர்க்கிறார்கள். வீட்டுக்காரனே பிச்சைக்காரன் வேடத்தில் வந்து நிற்கிறான். க்டெசிப்பஸ் என்பவன், விருந்தாளிக்கு என் பங்குப் பரிசு என்று மாட்டுக் குளம்பை எடுத்து அவன்மேல் வீசுகிறான். சற்றைக்கெல்லாம் பந்தியே அடக்கமாட்டாமல் சிரிக்கிறது. அன்றைக்கே வில் வளைகிறது. 108 பேரில் ஒருவன் மிஞ்சவில்லை. கிரேக்கத்தில் அந்நியன், விருந்தாளி, விருந்தளிப்பவன் எல்லாருக்கும் 'க்ஸெனோஸ்' என்ற ஒரே சொல். அந்த உறவுக்குக் காவல் சீயஸ் கடவுளே. தப்பிக்க வழி ஏது? சிரித்தவர்களுக்குக் குளமும் ஊரும் கொடுத்த நம் தலபுராணம் எனக்கு இன்னும் பிடிக்கிறது.

பிடிப்பது வேறு, நம்புவது வேறு. பூதன் என்பது பழந்தமிழில் ஆள் பெயரும்கூட. சேந்தம்பூதனார், குன்றம்பூதனார் என்று சங்கப் புலவர்களே இருக்கிறார்கள். ஆகவே பூதூர் ஒரு பூதனின் ஊராகவும் இருந்திருக்கலாம். ஆனால் நான் குறில் கட்சி. புது ஊர், புதூர். மதுரையில் கே.புதூர், கோவையில் கோவைப்புதூர் என்று தமிழ்நாடு முழுக்கப் புதூர்கள்தான். அவற்றில் பெரியது பெரும்புதூர். மரைக்காடு மறைக்காடாகி வேதாரண்யம் ஆனதாகச் சொல்வார்களே, அதே வழியில் புதுவும் பூதமாக நீண்டிருக்க வேண்டும். பூதம் வந்தபின் அதற்கொரு கதையும் தேவைப்பட்டிருக்கும்.

புதுமைக்குத் தமிழில் இன்னொரு சொல், விருந்து. தொல்காப்பியம் நூலின் எட்டு வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது, அங்கே சாப்பாடு கிடையாது. புதிதாகச் செய்த நூல் என்று பொருள். புதிதாக வந்தவரும் அப்படித்தான் விருந்தானார். அவருக்குப் போட்ட சோறு பிறகுதான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

புதூருக்குப் புதியவர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலிருந்து கார் வந்தது. 2006இல் நோக்கியா, 2014 நவம்பரில் அது கடையைக் கட்டிக்கொண்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கூடவே வெளி மாவட்டப் பெண்களும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு கெட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போன கோபம் அது. ஹோமர் பாட்டில் வந்தவர்கள் வீட்டைத் தின்றார்கள். இங்கே, வரவழைத்தவர்கள் போட்ட சோறே வந்தவர்களைப் படுக்கவைத்தது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது.

வடக்கிலிருந்து வந்தவர்களை விருந்து என்று யாரும் சொல்வதில்லை. டீக்கடையில் காதில் விழுவது 'வடக்கன்'. கொஞ்சம் தணிந்தால் 'இந்திக்காரப் பசங்க', பேசுவது ஒடியாவாக இருந்தாலும். மாடிமேல் மாடியாக ரூம் கட்டி விட்டிருக்கிற வீட்டுக்காரர் மட்டும், வாடகை வாங்கும் அன்றைக்குத் 'தம்பி' என்கிறார்.