மொரிசியஸ் ரூபாத் தாளில் இருக்கிற தமிழ்

மொரிசியஸ் நாட்டின் நூறு ரூபாத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் புளுகமாகத்தான் இருக்கும். ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ். அதுக்குப் பிறகுதான் இந்தி. படத்தில் இருக்கிறவரும் தமிழர்தான். ரெங்கநாதன் சீனிவாசன், சட்டத்தரணி, அரசியல்வாதி, 1958இல் காலமானவர். அங்கே அந்தப் பெயரை 'ரெங்கநாடென் சீனிவாசென்' என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு எழுத்துக்குள்ளால் போய் வந்த பெயர்.

இந்த இடம் சும்மா கிடைத்ததல்ல. 1998 நவம்பரில் மொரிசியஸ் மத்திய வங்கி புதுத் தாள்களை வெளியிட்டபோது இந்தியை முன்னுக்கும் தமிழைப் பின்னுக்கும் போட்டுவிட்டது. தமிழ்ச் சனம் கொதித்தெழுந்தது. "இந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்கள் நாங்கள், எங்கள் எழுத்து எப்படிப் பின்னுக்குப் போகலாம்?" என்பதுதான் அவர்களின் கேள்வி. கடைசியில் அரசு இறங்கிவந்தது. 1999இல் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையிலேயே புதிதாக அச்சடித்தார்கள்.

அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒல்லாந்தர் கைவிட்டுப்போன அந்தத் தீவைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த பிறகு, 1735இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே, போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து மேசன்மாரையும் தச்சர்களையும் எடுப்பித்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, ஆங்கிலேயர் காலத்தில், 1834இல். அடிமை முறையை ஒழித்த ஆங்கிலேயர், அந்த இடத்தை நிரப்பக் கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து நாலரை லட்சம் பேரளவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரும்பான்மையானவர்கள் பீகார்ப் பக்கத்து ஆக்கள்.

ஆனால் தாளில் இருக்கிற அந்தத் தமிழை அங்குள்ள தமிழரில் எத்தனை பேரால் வாசிக்க முடியும்? மிகக் கொஞ்சப் பேரால்தான். வீட்டில் பேசுவது கிரியோல். பாரிசில் என்னோடு ஒரு உணவகக் குசினியில் வேலை செய்த மொரிசியஸ்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழில் தெரிந்ததெல்லாம் முருகா, காவடி, விரதம், ரசம் மாதிரிச் சில சொற்கள்தான். ஆனால் தைப்பூசம் வந்தால் பத்து நாள் மச்சம் தொடமாட்டார். "மோ தமூல்" என்பார். நான் தமிழன் என்று கிரியோலில் சொல்லுவார். சந்தேகமேயில்லாமல் சொல்லுவார்.

எங்களுக்கு இது விளங்கக் கஷ்டம். மொழிக்காக அடிவாங்கிய சனம் நாங்கள். மொழி போனால் எல்லாம் போச்சு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அங்கேயோ மொழி வாயிலிருந்து போய்விட்டது, எழுத்து மட்டும் காசில் நிற்கிறது.

எழுத்து நின்றால் போதுமா? இலங்கை ரூபாத் தாளிலும் தமிழ் இருந்ததுதானே. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்த பிறகும் இருந்தது. 1983 யூலையில் கொழும்பில் எங்கட கடைகளுக்கு நெருப்பு வைத்தவர்களின் சட்டைப் பைகளுக்குள்ளும் அந்தத் தமிழ் இருந்தது. காசில் எழுத்து இருந்ததால் ஒரு தலைகூடத் தப்பவில்லை.

மொரிசியஸ் தாளில் இல்லாத மொழி ஒன்றும் இருக்கிறது. கிரியோல். தீவில் அநேகமாக எல்லாரும் பேசுகிற மொழி. ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாயில் உருவாகிய மொழி. தாள்ச் சண்டை நடந்த அதே காலத்தில், 1999 பெப்ரவரியில், காயா என்ற கிரியோல் பாடகர் கஞ்சா புகைத்ததற்காகக் கைதாகிப் பொலிஸ் கூண்டுக்குள் இறந்துபோனார். சில நாட்கள் தீவு பற்றியெரிந்தது. தமிழருக்கு வரிசையில் எத்தனையாம் இடம் என்பது கேள்வி. கிரியோல் சனத்துக்கோ வரிசையில் இடமே இல்லை.

அந்நாட்டு அரசியல் யாப்பு மக்களை இந்துக்கள், முஸ்லிம்கள், சீன மொரிசியர் என்று மூன்றாகப் பிரிக்கிறது. வாழ்க்கை முறையால் இந்த மூன்றுக்குள்ளும் அடங்காதவர்கள் எல்லாரும் 'பொதுச் சனம்'. கிரியோல்களும் பிரெஞ்சு வம்சாவளி முதலாளிமாரும் ஒரே பெட்டிக்குள்! தமிழருக்குத் தனிப்பெட்டி இல்லை, இந்துக்களுக்குள் அடக்கம். நாடாளுமன்றத்தில் எட்டு மேலதிக ஆசனங்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் பங்கிடப்பட்டன. அதற்கு எடுத்த குடிசனக் கணக்கு 1972ஆம் ஆண்டினது. அதன்பிறகு சனத்திடம் இனத்தைக் கேட்டுக் கணக்கெடுக்கவேயில்லை. புதுக் கணக்கு இல்லாமல், வேட்பாளர் தன் இனத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று 2012இல் ஐநா மனித உரிமைக் குழு சொன்னது. அதே ஆண்டில்தான் கிரியோலும் ஆரம்பப் பள்ளியில் விருப்பப் பாடமாக நுழைந்தது. தமிழும் அங்கே மூதாதையர் மொழி என்ற பெயரில் படிப்பிக்கப்படுகிறது.

தங்கட எழுத்துக்காக அந்தச் சனம் எழும்பியதை நான் குறைசொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத எழுத்துக்காகச் சண்டை பிடிப்பதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். அந்த எழுத்து அவர்களுக்கு மொழியல்ல, வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி. "நாங்கள் இங்கே முந்நூறு வருசமாய் இருக்கிறம்" என்பதற்கான உறுதி மாதிரி. காணி உறுதியைத் தொலைத்துவிட்டு வந்த எங்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

ஆனால் முதலில் வந்தவன் என்ற நியாயம் இரண்டு பக்கமும் வெட்டும். எங்கட நாட்டில் அதே நியாயத்தைத்தான் எங்களுக்கு எதிராகச் சொன்னார்கள். யார் முதலில் வந்தது என்று தோண்டத் தொடங்கினால், கடைசியில் வந்தவனுக்கு நிற்க இடம் இருக்காது. ஐரோப்பாவில் கடைசியில் வந்த ஆக்கள் நாங்கள்தான்.

இங்கே பிறந்த எங்கட பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் கனவு காணுகிறார்கள். தமிழ் படிப்பியுங்கோ, கட்டாயம் படிப்பியுங்கோ. ஆனால் தமிழ் கதைக்கத் தெரியாத ஒரு பிள்ளை "நான் தமிழ்" என்று சொன்னால் சிரிக்காதேயுங்கோ. முந்நூறு வருசம் கழித்தும் அந்தச் சொல்லை விடாத சனம் இருக்கிறது.