பாடங்கேட்டலின் வரலாறு

ஆசிரியர் பாடம் சொன்னார், மாணாக்கர் பாடம் கேட்டார் என்பது தமிழ் வழக்கு. கல்விக்கே கேள்வி என்றொரு பெயர் உண்டு. ஐயத்தை வினவுதலுக்கும் அதுவே பெயர். செவியும் வினாவும் ஒரு சொல்லுள் அடங்கிய மொழியில், கேட்கும் முறைக்கு இலக்கணம் தோன்றியதில் வியப்பில்லை.

சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பொதுப்பாயிரத்தில் பாடஞ்சொல்லலுக்கு ஓரியலும் பாடங்கேட்டலுக்கு ஓரியலும் வகுக்கிறது. ஒரு நூலை இருமுறை கேட்டால் பிழை குறையும்; மும்முறை கேட்டால் முறையறிந்து சொல்லலாம். அதற்குமேல் அவர் தரும் கணக்கே எண்ணத்தக்கது. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் மாணாக்கன் பெறும் புலமை கால்பங்குதான். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் அறிந்ததைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும். ஆசிரியர்க்கு இலக்கணம் வகுத்த ஒருவரே ஆசிரியரின் பங்கை இவ்வளவு சிறிதாக அளந்திருக்கிறார்!

வாதத்திலும் கேட்போனுக்கே முதன்மை இருந்தமையை இறையனார் களவியலுரை கூறும் கதை காட்டும். சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அந்நூலுக்கு உரை கண்டு, தம் உரையே மெய்யுரை என்று மாறுபட்டனர். வழக்கைத் தீர்க்க அமர்ந்தவன் உருத்திரசன்மன். ஐந்தாட்டைப் பருவத்தான், வாய்பேசாப் பிள்ளை. நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான், அதுவே தீர்ப்பாயிற்று. கதை புனைவாகவே இருக்கட்டும். பேச்சாற்றல் மிக்க அவைக்குப் பேசாத ஒருவனை நடுவனாக்கிய உள்ளம் புனைவன்று.

மறுத்துப் பேசுதற்கும் ஒழுங்கு இருந்தது. நன்னூல் நூலாசிரியனுக்கு எழுவகை மதம் கூறுமிடத்து உடன்படலை முதலில் வைத்து மறுத்தலை அதன்பின் வைக்கிறது. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின் களைதலும், இருவர் மாறுபட்டவழி ஒன்றைத் துணிதலும் அவ்வேழனுள் அடங்கும். எதிராளியின் கருத்தை முழுதும் கேளாதவனுக்கு இவ்விரண்டும் கைகூடா.

இன்றைய வகுப்புகளில் பெரும்பாலானவை முதற் காற்கூற்றோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியர் குறிப்புரைக்க மாணவர் எழுதிக்கொள்கின்றனர்; தேர்வுத்தாள் அதையே திரும்பக் கேட்கிறது. வாதம் மேடைக்குப் போய்ப் பட்டிமன்றமாயிற்று. அங்கே கைதட்டலுக்குக் குறைவில்லை. மாற்றணியின் சொல்லைக் கேட்டுத் தம் கருத்தை மாற்றிக்கொண்ட பேச்சாளரைக் காண்பதுதான் அரிது.

புதுமுறைக் கல்லூரிக்குள்ளும் பழைய கேள்விமுறை தொடரக்கூடும் என்பதற்கு உ.வே. சாமிநாதையர் சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் 1876இல் அவர் மறையும்வரை பாடங்கேட்டவர்; 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரை வினவினார். இல்லை என்பதே விடை. பின்னர் முதலியாரும் ஐயரும் சேர்ந்து அந்நூலைப் பயின்றனர். அதில் வரும் சைன மரபுச் செய்திகள் பல விளங்கவில்லை. உடனே கல்லூரி ஆசிரியர் மீண்டும் மாணாக்கரானார். கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று, அந்நூலைத் தலைமுறையாகப் போற்றி வந்தவர்களிடம் ஒவ்வோர் ஐயமாகக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது.