பொன்னிழை கோத்த விரல்கள்

"சிப்பைக் கண்டுபிடிச்சது யார் சேர்?" என்று தரம் பத்து மாணவியொருத்தி கேட்டாள். ஜாக் கில்பி, ரொபேர்ட் நொய்ஸ் என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு வகுப்பை முடித்தேன். பாதி விடைதான் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது.

1947இல் திரான்சிஸ்டர் வந்ததும் இலத்திரனியல் கருவிகள் சிறுத்தன. ஆனால் புதுத் தலையிடியொன்றும் கூடவே வந்தது. பெரிய கருவியொன்றுக்கு ஆயிரக்கணக்கான உறுப்புகள் தேவை. ஒவ்வொன்றையும் கையாலேயே ஈயம் பற்றவைத்து இணைக்க வேண்டும். ஒரு மூட்டு பிழைத்தால் முழுக் கருவியும் படுத்துவிடும்.

1958 ஜூலையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் எல்லாரும் விடுமுறையில் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த கில்பிக்கு லீவு இல்லை. ஆளில்லாத ஆய்வுகூடத்தில் இருந்தவருக்கு, எல்லா உறுப்புகளையும் ஒரே பொருளில் செய்தால் என்ன என்று தோன்றியது. செப்டம்பர் 12இல் ஜேர்மானியத் துண்டொன்றில் அதைச் செய்து காட்டினார். பார்வைக்கு அழகான சாமான் அல்ல. உறுப்புகளைத் தொடுத்த கம்பிகள் வெளியே வளைந்து நின்றன. 1959 ஜனவரியில் பெயார்சைல்ட் நிறுவனத்தின் நொய்ஸ் அந்தக் கம்பிகளுக்கு வழி கண்டார். சக விஞ்ஞானி ஜீன் ஹோர்னியின் முறையைப் பின்பற்றி, சிலிக்கனின் மேலேயே அலுமினியக் கோடுகளைப் படியவைக்கலாம் என்று எழுதினார். ஆக்கவுரிமைக்காக இரு நிறுவனங்களும் வழக்காடிச் சலித்து, 1966இல் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. நொய்ஸ் 1990இல் காலமானார். நோபல் பரிசு 2000இல் கில்பிக்குக் கிடைத்தது.

புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

ஆரம்பத்தில் இந்தச் சில்லைக் காசு கொடுத்து வாங்கும் நிலையில் இருந்தது அமெரிக்க அரசுதான். மினிட்மேன் ஏவுகணைக்கும் சந்திரனுக்குப் போன அப்பலோ விண்கலத்தின் கணினிக்கும் அவை குவியலாகப் போயின. அந்தக் கொள்வனவால்தான் விலை இறங்கியது. 1964இல் காது கேளாதோருக்கான கருவியில் சிப் நுழைந்தது. 1967இல் கில்பியின் குழு கைக்கு அடக்கமான கல்குலேட்டரைச் செய்து பார்த்தது. இன்று கைத்தொலைபேசி முதல் சலவை இயந்திரம் வரை அது இல்லாத சாமானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விலை இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில்லுக்குள்ளே கைவேலை ஒழிந்ததே தவிர, வெளியே ஒழியவில்லை. சில்லை அதன் உறையின் கால்களோடு இணைக்க, மயிரிழையிலும் மெல்லிய பொன் கம்பியை நுணுக்குக்காட்டியால் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டியிருந்தது. கண் எரியும் வேலை. அதற்குக் குறைந்த கூலிக்கு ஆள் தேடி, 1963இல் பெயார்சைல்ட் ஹொங்கொங் போனது. 1965இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஷிப்ரொக் என்ற இடத்தில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் தொழிற்சாலை திறந்தது. பயிற்சிச் செலவுக்கு அரசும் கைகொடுத்தது. சில ஆண்டுகளில் அங்கே ஆயிரம் பேர் வரை வேலை செய்தனர். பெரும்பாலும் பெண்கள்.

1969இல் நிறுவனம் வெளியிட்ட கைநூலில் நவஹோ கம்பளத்தின் கோலமும் சில்லின் கோலமும் பக்கம் பக்கமாக வந்தன. நெசவு அவர்களின் இரத்தத்திலேயே ஊறியது, ஆகவே சிப் வேலையும் இயல்பாக வருமாம். கேட்க இனிக்கிறது. ஆனால் மருதமுனைக் கைத்தறியைக் கிட்ட இருந்து பார்த்த எவருக்கும் தெரியும், நெசவு இரத்தத்தில் வருவதில்லை; முதுகு வளைந்து, இழை அறுந்து, ஏச்சு வாங்கிப் படிப்பது. 'பிறவிக் குணம்' என்று சொல்லிவிட்டால் திறமைக்குத் தனிக் கூலி கொடுக்கத் தேவையில்லை என்பதே நான் விளங்கிக்கொண்டது.

1975 பெப்ரவரியில், ஆட்குறைப்பை எதிர்த்து அமெரிக்க இந்திய இயக்கத்தினர் ஆயுதங்களோடு ஷிப்ரொக் தொழிற்சாலையைக் கைப்பற்றி, ஒரு வாரமளவில் வைத்திருந்தனர். அவர்கள் வெளியேறியதும் நிறுவனம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. வேலை மட்டும் நிற்கவில்லை. நொய்ஸ் பின்னர் பங்காளராகத் தொடங்கிய இன்டெல், 1972இலேயே மலேசியாவின் பினாங்கில் தொழிற்சாலை அமைத்திருந்தது. கிராமங்களிலிருந்து வந்த மலாய் முஸ்லிம் யுவதிகள் பலர் அந்தத் தீவின் தொழிற்சாலைகளில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்தனர். கையில் அதே பொன்னிழை.