யார் பேசினார், யார் கேட்டார்: ஆஸ்திரேலிய வங்கிகளின் 'மதிப்பாய்வு' குறித்து

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் 'ரிவ்யூ'வுக்கு 'மதிப்புரை' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். எழுதியவனுக்கும் மதிப்பிடுகிறவனுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும் என்கிற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. (நம் பத்திரிகைகளில் அந்த இடைவெளி எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பது வேறு சண்டை.) இதே சொல்லை வங்கிகளும் கையில் எடுத்துக்கொண்டன. உங்கள் கணக்கை ஒருதரம் ரிவ்யூ பண்ணிப் பார்த்துவிடலாமே என்று வாடிக்கையாளரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது, எழுந்து போகும்போது அவர் கையில் புதிதாக ஒரு கணக்கையோ காப்பீட்டையோ கொடுத்தனுப்புவது. தமிழில் எம்.ஏ. படித்தவனுக்கு வங்கி விவகாரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு இது பணத்தைப் பற்றியதாகப் படுவதைவிடப் பேச்சைப் பற்றியதாகவே படுகிறது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பேச்சு ஒரு வழக்காகி உயர்நிலை நீதிமன்றம்வரை போனது. யார் பேசினார், யார் கேட்டார், கேட்டதற்கு யார் பொறுப்பு என்பதுதான் அங்கே கேள்வி.

கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. 1983 டிசம்பரில் ஆஸ்திரேலிய டாலர் சந்தையில் மிதக்கவிடப்பட்டது. 1985இல் அயல்நாட்டு வங்கிகளுக்குக் கதவு திறந்தது. 1911இல் அரசுச் சட்டத்தால் பிறந்த காமன்வெல்த் வங்கி 1991க்கும் 1996க்கும் இடையில் படிப்படியாகத் தனியார் பங்குதாரர்களுக்கு விற்கப்பட்டது. 1931இலிருந்தே பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கம் சொல்லிக்கொடுத்த வங்கி அது. வங்கி கைமாறியது, அதன்மேல் மூன்று தலைமுறை வைத்திருந்த நம்பிக்கை கைமாறவில்லை. கவுன்ட்டருக்குப் பின்னாலிருப்பவர் நம் கணக்கைப் பார்க்கிறவர், நமக்கு விற்கிறவர் அல்ல என்கிற எண்ணம் அப்படியே நின்றது. பிறகு நடந்தது முழுக்க இந்த எண்ணத்தை முதலாக வைத்து நடந்த வியாபாரம்.

1992இல் இன்னொன்றும் சேர்ந்தது. தொழிலாளியின் ஓய்வுக்காலத்துக்கென்று முதலாளி கட்டாயமாகப் பணம் செலுத்தும் திட்டம் வந்தது. அங்கே பேச்சுவழக்கில் 'சூப்பர்' என்பார்கள். 2021 வரை வேலை மாறினால் பெரும்பாலும் புதிய சூப்பர் கணக்கு. பத்து வருஷத்தில் ஒரு ஆளுக்கு மூன்று, நான்கு கணக்குகள், ஒவ்வொன்றிலும் கட்டணம் தனி. சிலவற்றோடு ஆயுள் காப்பீடும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக, வாடிக்கையாளனின் குழப்பம் நிஜமானது. வங்கி இல்லாத நோயைக் கண்டுபிடித்து மருந்து விற்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நம் இடதுசாரி நண்பர்கள் சுலபமாகத் தாண்டிப்போகிற இடம் இது.

2001இல் வந்த நிதிச் சேவைச் சீர்திருத்தச் சட்டம் அறிவுரையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று 'தனிப்பட்ட அறிவுரை': இன்னாருடைய நோக்கம், நிலைமை, தேவை ஆகியவற்றைப் பார்த்துச் சொல்வது. இதைச் சொன்னவருக்குக் கடமைகள் உண்டு, எழுத்துப்பூர்வமான பொறுப்பு உண்டு. மற்றது 'பொது அறிவுரை'. உங்கள் சொந்த நிலைமையை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை என்று ஒரு எச்சரிக்கை வாசகம் சொன்னால் போதும். முதலாவதின் நெருக்கம் வேண்டும், இரண்டாவதின் பொறுப்பின்மையும் வேண்டும். இந்த இரட்டை ஆசைக்குக் கிடைத்த வடிவம்தான் மதிப்பாய்வு.

ஏ.என்.இசட். வங்கியின் கிளைகளில் இதற்கு 'ஏ-இசட் ரிவ்யூ' என்று பெயர். காமன்வெல்த் வங்கியில் 'ஃபைனான்ஷியல் ஹெல்த் செக்'. பெயரிலேயே டாக்டர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். வாடிக்கையாளர் தன் வரவு, செலவு, கடன் என்று எல்லாவற்றையும் சொல்லிமுடித்த கையோடு வங்கியின் சொந்த சூப்பர் கணக்கு அவர்முன் வைக்கப்படும். தன்னைப் பரிசோதித்துவிட்டுத்தான் இந்த மருந்தை எழுதுகிறார்கள் என்று அவர் நினைக்கமாட்டாரா? நிதிச் சந்தையைக் கண்காணிக்கும் 'ஆசிக்' ஆணையம் கேட்டது இதைத்தான். 2018 ஜூலையில் இரு வங்கிகளும் இந்த முறையை நிறுத்துவதாக உறுதிமொழி எழுதிக்கொடுத்து, தலா 12.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைச் சமூக நலனுக்கென்று கட்டின. தீர்ப்பு எதுவும் இல்லை.

தீர்ப்பு வந்தது வெஸ்ட்பேக் வங்கியின் துணை நிறுவனங்கள் மீதான வழக்கில். முறை இன்னும் நுட்பமானது. உங்களுடைய மற்ற சூப்பர் கணக்குகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று இலவசமாகத் தேடித்தருகிறோம் என்பது ஆரம்பம். பிறகு தொலைபேசி. எல்லாவற்றையும் ஒன்றாக்குவதில் உங்களுக்கு முக்கியமாகப் படுவது என்ன என்று ஊழியர் கேட்பார். கட்டணம் குறையும், நிர்வகிக்கச் சுலபம் என்று இவர் சொல்வார். ஊழியர் தன் வாதம் எதையும் வைக்கவேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள் என்று ஆமோதித்தால் போதும். இதற்குப் 'சோஷியல் ப்ரூஃபிங்' என்று பெயரிட்டு ஊழியர்களைப் பழக்கியிருந்தார்கள். அதே அழைப்பிலேயே, வெளியில் இருக்கும் கணக்குகளை எங்களுடையதோடு சேர்த்துவிடலாம் என்று முடிப்பார்கள்.

பாவமன்னிப்புக் கூண்டைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்கமுடியவில்லை. பேசுகிறவனுக்கல்ல, மௌனமாகக் கேட்கிறவனுக்குத்தான் அதிகாரம். ஆனால் பாதிரியார் தான் கேட்கவில்லை என்று சொல்வதில்லை. வங்கி அதைச் சொன்னது. நாங்கள் தந்தது பொதுத் தகவல்தான், அவருடைய நிலைமையை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை என்பதுதான் நீதிமன்றத்தில் அதன் தற்காப்பு. ஒருவனிடம் அவன் மனசிலிருப்பதைக் கேட்டு, அவன் வார்த்தையையே அவனிடம் திருப்பிக்கொடுத்துக் கையெழுத்து இல்லாமலே சம்மதம் வாங்கிவிட்டு, அவன் சொன்னது எங்கள் காதில் விழவில்லை என்பது!

2018 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இது தனிப்பட்ட அறிவுரை அல்ல என்ற வாதத்தை ஏற்றார். நடந்துகொண்ட விதத்தில் மட்டும் குறை கண்டார். 2019 அக்டோபரில் முழு அமர்வு அதை மாற்றியது. 2021 பிப்ரவரி 3ஆம் தேதி உயர்நிலை நீதிமன்றம் வெஸ்ட்பேக்கின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் அளவுகோல் எளிது: நியாயமான ஒரு மனிதன் தன் நிலைமை கவனத்தில் கொள்ளப்பட்டது என்று எதிர்பார்த்திருப்பானா? வங்கி உண்மையில் கவனித்ததா என்பதல்ல, கேட்டவன் என்ன எதிர்பார்க்கும்படி பேசப்பட்டது என்பதே கேள்வி. பிரதியின் பொருளைத் தீர்மானிப்பது வாசகனா ஆசிரியனா என்று நாம் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டோம். சட்டம் ஒரே வாக்கியத்தில் வாசகன் பக்கம் நின்றிருக்கிறது.

பணயம் என்ன என்பதையும் சொல்லவேண்டும். பழைய கணக்கை மூடினால் அதோடிருந்த ஆயுள் காப்பீடும் போய்விடலாம். நோயாளிக்கு அது மறுபடி கிடைக்காமலே போகலாம். ஒன்றாக்குவது இவருக்கு நல்லதா என்று தெரியவேண்டுமானால் இவரைத் தெரிந்திருக்கவேண்டும். இதே காலத்தில் அந்த நிறுவனங்கள் நிர்வகித்த தொகை ஏறக்குறைய 65 கோடி டாலர் கூடியது. அபராதம் 1.05 கோடி டாலர். 65 கோடியும் லாபமல்ல, வாடிக்கையாளர்களின் பணம்தான். ஆனால் வருஷா வருஷம் கட்டணம் பிடிக்கப்படுகிற பணம்.

தொலைபேசியின் மறுமுனையில் பேசியவரை வில்லனாக்குவது சுலபம். பிரிட்டனில் லாயிட்ஸ் குழும வங்கிகளில் விற்பனை இலக்கை எட்டாதவரின் அடிப்படைச் சம்பளமே குறையும்படி வைத்திருந்தார்கள். ஓர் ஊழியர் பதவி இறங்காமலிருக்கத் தனக்கும் தன் மனைவிக்கும் சக ஊழியர் ஒருவருக்கும் தானே பாலிசி விற்றுக்கொண்டதை அங்குள்ள கண்காணிப்பு அமைப்பு பதிவுசெய்திருக்கிறது. 2013 டிசம்பரில் 2.8 கோடி பவுண்டு அபராதம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு என்பது இலக்கு. கேட்காதவர்கள் பெயரிலெல்லாம் கணக்கு திறந்தார்கள். 2016இல் விவகாரம் வெடித்தபோது ஏற்கெனவே வேலையிழந்திருந்தவர்கள் சுமார் 5,300 பேர். தலைமை நிர்வாகி ராஜினாமா செய்தார். ஊழியர்களைத்தான் முதலில் அனுப்பியிருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் கென்னத் ஹெய்ன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2018 முழுக்க சாட்சியங்களைக் கேட்டது. அங்கே இந்தக் கதையின் தலைகீழ் வடிவமும் வெளிவந்தது. ஆண்டுதோறும் உங்கள் நிலைமையை மதிப்பாய்வு செய்வோம் என்று கட்டணம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பலருக்கு அந்த மதிப்பாய்வு நடக்கவே இல்லை. விற்க வேண்டியிருந்தபோது கேட்காமலே வந்த மதிப்பாய்வு, காசு கொடுத்துக் கேட்டவனுக்கு வரவில்லை. காமன்வெல்த் வங்கியைச் சேர்ந்த ஆலோசகர் ஒருவர், வாடிக்கையாளர் 2004இல் இறந்துபோனது தெரிந்தும், பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கிலிருந்து ஆலோசனைக் கட்டணம் பிடித்துக்கொண்டிருந்தார் என்று ஆணையத்தின் முன் சொல்லப்பட்டது.