ஒரே சீட்டில் இரண்டு தேர்தல்: வன்னியில் விருப்பு வாக்கும் கட்சியின் நெடுங்கால நலனும்

அமெரிக்கக் கட்சிகள் தம் வேட்பாளரை முதல்கட்டத் தேர்தலில் தெரிவுசெய்து பல மாதங்களுக்குப் பிறகே பொதுத் தேர்தலுக்குப் போகின்றன. மனதுக்குப் பிடித்தவரா, எதிராளியை வெல்லக்கூடியவரா, இம்முறை தோற்றாலும் கட்சியைப் பலப்படுத்தக்கூடியவரா என்று வாக்காளர் நின்று கணக்குப் பார்க்க அந்த இடைவெளி உதவுகிறது. இலங்கையின் வன்னி வாக்காளருக்கு அந்த வசதி இல்லை. எந்தக் கட்சி என்பதையும் அந்தக் கட்சிக்குள் யார் என்பதையும் அவர் ஒரே நாளில், ஒரே சீட்டில் முடித்துவிட வேண்டும். முல்லைத்தீவான் முல்லைத்தீவானுக்கும் மன்னாரான் மன்னாரானுக்கும் போடுகிறான் என்று தேர்தலுக்குத் தேர்தல் எழும் பிரதேசவாதக் குற்றச்சாட்டு வாக்காளரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அது சீட்டைப் பார்த்துச் சொல்லப்பட வேண்டியது என்பதே இங்கு என் வாதம்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். ஆசனத்தோடு மூன்றைக் கூட்டிய எண்ணிக்கையில் வேட்பாளரை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒரு பட்டியலில் ஒன்பது பேர். வாக்காளர் முதலில் சின்னத்துக்குப் புள்ளடி போடுகிறார். பிறகு சீட்டின் அடியிலுள்ள இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி போடலாம். வேட்பாளரின் பெயர் சீட்டில் இராது, இலக்கம் மட்டுமே. 1988இல் நிறைவேறிய 14ஆம் திருத்தம் தந்த ஏற்பாடு இது. பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இதில் உண்டு. மூன்று புள்ளடிக்கும் ஒரே பெறுமதிதான். முதல் விருப்பு, இரண்டாம் விருப்பு என்ற வரிசை கிடையாது. எனவே நான் மிகவும் விரும்பும் ஒருவருக்குப் போட்டபின், கட்சிக்கு நாளை தேவைப்படுவார் என்று ஓர் இளம் வேட்பாளருக்கோ பெண் வேட்பாளருக்கோ இரண்டாவது புள்ளடி போட்டால், அதுவே என் முதலாமவரைக் கவிழ்த்துவிடக்கூடும். விவரமறிந்த வாக்காளர் ஒரே இலக்கத்துக்குப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார். வேட்பாளரின் ஆட்களும் வீடுவீடாகப் போய் அதைத்தான் கேட்கிறார்கள். கட்சியின் எதிர்காலத்துக்கென ஒதுக்கக்கூடிய புள்ளடியைப் போடாமல் விடுவதே இங்கு புத்திசாலித்தனம்.

ஊர்க் கணக்கும் இதிலிருந்துதான் பிறக்கிறது. 2024இல் வவுனியாவில் 128,585, மன்னாரில் 90,607, முல்லைத்தீவில் 86,889 வாக்காளர் பதிவாகியிருந்தனர். 2020இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் வன்னியில் 69,916 வாக்குப் பெற்றது. அதன் மூன்றாவது ஆசனத்துக்கு 15,190 விருப்பு வாக்கே போதுமாயிற்று. சின்னத்துக்கு விழுந்ததில் ஐந்திலொன்றுக்குச் சற்று மேலானதை ஒரு பகுதியின் கோயில் சபையும் மீனவர் சங்கமும் உறவுக்காரரும் சேர்ந்தாலே திரட்டிவிடலாம். 2015இல் கட்சி வென்ற நான்கு ஆசனங்களில் நான்காவதைப் பெற்றவர், முன்பு மாகாண சபையில் முல்லைத்தீவுக்காக இருந்த சி. சிவமோகன். 2020இல் ஆசனம் மூன்றாகச் சுருங்கியதும் அவர் வெளியே நின்றார். கட்சிக்குள் ஒரே தொகுதிக்குப் பலர் போட்டியிட்ட பழைய ஜப்பானிய முறையிலும் லிபரல் ஜனநாயகக் கட்சிக்காரர் இவ்வாறே ஆளுக்கொரு ஆதரவுச் சங்கம் கட்டிக்கொண்டார்கள். ஜப்பான் 1994இல் அந்த முறையையே மாற்றியது.

கிளிநொச்சியின் கதை சற்று வேறு. நிலப்பரப்பில் வன்னி, தேர்தலில் யாழ்ப்பாணம். 2024 ஜனவரி 21ஆம் நாள் திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை தலைவரை வாக்கெடுப்பில் தெரிவுசெய்தது. மாவை சேனாதிராசாவுக்குப் பின் யார் என்ற கேள்விக்கு, கிளிநொச்சியை மையமாகக் கொண்ட சி. சிறீதரன் 184 வாக்கும் எம். ஏ. சுமந்திரன் 137 வாக்கும் பெற்றனர். 1949இல் தொடங்கிய கட்சியில் தலைமைக்குப் போட்டி வைத்து வாக்கெடுத்தது அதுவே முதல் தடவை. பெயர் அளவிலாவது முதல்கட்டத் தேர்தலுக்கு மிக நெருங்கிய நிகழ்வு. முடிவு வந்ததும் பிணக்கும் வந்தது. விவகாரம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிற்று, கட்சி மாநாடு நின்றது, வென்றவர் பொறுப்பேற்கவில்லை. 321 பேர் போட்ட வாக்கின் விளைவைச் சுமக்க வேண்டியவர்கள் அந்த 321 பேருக்கு வெளியே இருந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 14இல் இருவரும் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரே பட்டியலில் நின்றார்கள். கட்சிக்குக் கிடைத்தது ஓர் ஆசனம். அது சிறீதரனுக்குப் போனது. ஜனவரியில் பொதுச்சபையும் பிறகு நீதிமன்றமும் முடித்துவைக்காத போட்டியை விருப்பு வாக்கு முடித்துவைத்தது எனலாம். ஆனால் விலை கவனிக்கத்தக்கது. 2020இல் கூட்டணியாக நின்று 112,967 வாக்கும் மூன்று ஆசனமும் பெற்ற சின்னம், பங்காளிகள் பிரிந்துபோன 2024இல் 63,327 வாக்கோடு நின்றது. வீட்டுக்குள் யார் என்பதைத் தீர்க்கும் வேலையை வீடு சுருங்கியபின் செய்ய நேர்ந்தது.

அதே 2024 தேர்தலில் வன்னியின் இழப்பை எண்ணிக் காட்டவே முடியும். திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி 39,894, ஐக்கிய மக்கள் சக்தி 32,232, தமிழரசு 29,711, சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 21,102, தொழிற்கட்சி 17,710. ஐந்து வீதத்தைத் தாண்டிய இவற்றின் கூட்டு 140,649. முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மீதி ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 28,130. திசைகாட்டிக்கு இரண்டு, மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று. வீட்டிலிருந்து துரைராசா ரவிகரனும் சங்கிலிருந்து செல்வம் அடைக்கலநாதனும் சென்றார்கள். இரண்டும் ஒரே பட்டியலாக இருந்திருந்தால் 50,813. முதலிடமும் போனஸும் அவர்களுக்கு. வகுத்தலில் ஒன்று, எச்சத்தில் இன்னொன்று, மொத்தம் மூன்று. திசைகாட்டிக்கு ஒன்றே. ஒன்றானால் எல்லா வாக்கும் அப்படியே வராது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அதில் பத்தாயிரம் பேர் வாக்களிக்கவே போகாமல் விட்டிருந்தாலும் முதலிடமும் மூன்றாம் ஆசனமும் கைவிட்டுப் போயிரா. பதினோராயிரத்தை நெருங்கும்போதுதான் நிலைமை மாறும்.

இதற்கு மறுபக்கம் உண்டு. பழைய தமிழ்க் கட்சிகளுக்கு ஒரு பாடம் புகட்டவே பலர் திசைகாட்டிக்குப் போனார்கள், அதுவும் நெடுங்கால நோக்குள்ள வாக்குத்தானே என்பார்கள். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதியதை இங்கு நினைக்கலாம்: அதிருப்தியுற்றவர் உள்ளிருந்து குரல் கொடுப்பார் அல்லது வெளியேறுவார். விருப்பு வாக்கு குரலாக அமைந்திருக்க வேண்டியது. ஒன்பது பேரை யார், எங்கே இருந்து எழுதினார்கள் என்பதே கிளைக்குத் தெரியாதபோது அந்தப் பட்டியலுக்குள் போடும் புள்ளடியால் எதைச் சொல்ல முடியும்? வெளியேறியவரை நான் குறைகூறமாட்டேன். ஆனால் வெளியேற்றம் எண்ணிக்கையை மட்டுமே காட்டும். எது பிடிக்கவில்லை என்பதைக் கட்சிக்கு அது சொல்லாது. தோற்றவர்கள் தமக்கு வசதியான காரணத்தைத் தாமே எழுதிக்கொள்வார்கள், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

எனவே தெரிவு பட்டியலுக்கு முன்னே நகரவேண்டும்: மல்லாவியிலும் செட்டிகுளத்திலும் பரந்தனிலும் உள்ள கிளை உறுப்பினர், தத்தம் தேர்தல் மாவட்டத்தின் வேட்புமனுவுக்குப் போகும் ஒன்பது பேரைத் தாமே தெரிவுசெய்ய வேண்டும், தோற்றால் அந்தப் பொறுப்பும் அவர்களுடையதாக வேண்டும். நடைமுறைச் சிக்கல் காலம். 2024இல் நாடாளுமன்றம் செப்டெம்பர் 24இல் கலைந்தது. வேட்புமனு ஒக்டோபர் 11இல் முடிந்தது. அந்தப் பதினேழு நாளில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சிலர் கூடிப் பட்டியல் எழுதலாம், உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்த இயலாது. புதிய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2024 நவம்பர் 21இல்; அதிலிருந்து இரண்டரை ஆண்டு கழிந்ததும், அதாவது 2027 மே பிற்பகுதியிலிருந்து, ஜனாதிபதி விரும்பிய நாளில் கலைக்கலாம். உட்தேர்தல் வேண்டுமென்று பேசும் கட்சிக்காரர் கிளை உறுப்பினர் பதிவேடுகளை அதற்குள் சரிபார்த்து முடித்திருக்க வேண்டும்.