எச்-1பி நுழைவிசைவு

எச்-1பி நுழைவிசைவு (விசா) என்பது ஐக்கிய அமெரிக்காவில் சிறப்புத் துறைப் பணிகளில் வெளிநாட்டவர் தற்காலிகமாகப் பணியாற்ற வழங்கப்படும் அனுமதி ஆகும். 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இதனை உருவாக்கியது. துறை சார்ந்த இளங்கலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி தேவை.

விண்ணப்பம்

பணியாளர் தாமே விண்ணப்பிக்க இயலாது; வேலை வழங்கும் நிறுவனமே விண்ணப்பிக்க வேண்டும். அவ்விடத்தில் அப்பணிக்கு நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் வழங்குவதாக, தொழிலாளர் துறையிடம் அந்நிறுவனம் முன்னதாக உறுதியளிக்க வேண்டும். ஆண்டு வரம்பு 65,000 ஆகும். அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 ஒதுக்கப்படுகிறது. பல்கலைக்கழகப் பணிகளுக்கு இவ்வரம்பு பொருந்தாது.

காலமும் வேலையிழப்பும்

முதலில் 3 ஆண்டுகளும், நீட்டிப்புடன் பொதுவாக 6 ஆண்டுகளும் தங்கலாம். வேலை இழந்தவருக்கு அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம் உண்டு. இவ்விதி 2017இல் நடைமுறைக்கு வந்தது. அனுமதிக்காலம் அதற்குள் முடிந்தால் அவகாசமும் முடிந்துவிடும். அதற்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்காவிடில், வேறு தகுநிலைக்கு மாற வேண்டும் அல்லது குடும்பத்துடன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

வரி

வரிநிலை பொதுவாகத் தங்கிய நாட்களைப் பொறுத்தது. நடப்பாண்டில் குறைந்தது 31 நாட்கள் தங்கியிருக்க வேண்டும். அவ்வாண்டு நாட்கள் முழுமையும், முந்தைய ஆண்டு நாட்களில் மூன்றிலொரு பங்கும், அதற்கும் முந்தைய ஆண்டு நாட்களில் ஆறிலொரு பங்கும் சேர்ந்து 183ஐ எட்டினால், அவர் வரி நோக்கில் அந்நாட்டில் வசிப்பவர் ஆவார். அதன்பின் தாய்நாட்டு வங்கி வட்டியையும் அமெரிக்க வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.