கம்மி ரேட்டுக்குத்தான் டெண்டர் போச்சு, அப்புறம் ஏன் ரோடு நிக்கல? உள்ளாட்சி ஒப்பந்தம் எங்கே கோட்டை விடுது?

2022 ஜூன் மாதம். வேலூர் மாநகராட்சியின் காளிகாம்பாள் கோயில் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் சாலை போட்டார்கள். ஓரமாக நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தக்கூட இல்லை. விடிந்து பார்த்தால் சக்கரம் கான்கிரீட்டுக்குள் மாட்டியிருந்தது. இரண்டே மாதத்தில், அதே வேலூரில் அடிபம்பை அகற்றாமல் அதையும் சேர்த்துக் கட்டிய கால்வாய் வைரலானது.

மீம் போட்டுச் சிரித்தாச்சு. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. டெண்டருக்குன்னு சட்டம் இருக்கு, விதி இருக்கு, இன்ஜினியர் இருக்கிறார். இத்தனையும் தாண்டி இப்படி ஒரு வேலை எப்படி நடக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் பொருள் வாங்கவும் வேலை கொடுக்கவும் பின்பற்ற வேண்டியது, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். அதற்கான விதிகள் 2000-ல் வந்தன. டெண்டர் கேட்பவர் யார், ஏற்பவர் யார் என்பதை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைக்கணும்னா மேலதிகாரி அனுமதி வேண்டும், காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

தகுதியுள்ளவர்களில் யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே வேலை. ஆபீஸ் பாஷையில் அவர்தான் 'எல்-1'. அவர் கேட்ட விலையே சந்தை விலையை விட அதிகம் என்றால், அவரிடம் மட்டும் பேரம் பேசிக் குறைக்கலாம். இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டுப் பேச முடியாது. முடிவில் உடன்பாடு இல்லாத ஒப்பந்ததாரர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சட்டம் மோசமில்லை. இதன் கவனம் முழுக்க ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தின் மேல்தான். கோட்டை விடுவது பெரும்பாலும் அதற்கு முன்னாடியும் பின்னாடியும்.

எஸ்டிமேட்டில் இல்லாதது ரோட்டில் வராது

டெண்டர் விடுவதற்கு முன் இன்ஜினியர் தயாரிப்பது எஸ்டிமேட். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம், என்ன கலவை என்று எல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்ததாரர் விலை போடுவது அதை வைத்துத்தான். 'பழைய அடிபம்பை அகற்ற வேண்டும்' என்ற வரி அதில் இல்லை என்றால், அந்த வேலைக்குக் காசும் இல்லை. காசு இல்லாத வேலையை யார் செய்வார்?

சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் மில்லிங். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசாகப் போட்டுக்கொண்டே போனால், வருஷத்துக்கு வருஷம் ரோடு ஏறும், வீடு பள்ளத்துக்குப் போகும். மழை வந்தால் தண்ணீர் ஹாலுக்குள். 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சுரண்டிய அளவுக்கே புது சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். விஷயம் ரொம்ப சின்னது, எஸ்டிமேட்டில் ஒரு வரி. அந்த வரி இருந்தால்தான் 'ஏன் மில்லிங் பண்ணல' என்று ஒப்பந்ததாரரைக் கேட்க முடியும்.

டன்னுக்குக் காசா, சுத்தத்துக்குக் காசா?

ரோடாவது கண்ணுக்குத் தெரியும் பொருள். குப்பை எடுப்பது மாதிரி தினசரி சேவையை ஒப்பந்தத்தில் விடுவது இன்னும் சிக்கல். சென்னையில் தனியாருக்குக் குப்பை வேலை கொடுத்த ஆரம்ப காலத்தில், எத்தனை டன் அள்ளினார்களோ அத்தனைக்குப் பணம். எடை கூடினால் வருமானம் கூடும். அதனால் கட்டட இடிபாடும் மண்ணும் லாரியில் ஏறுகிறது என்ற புகார் அடிக்கடி வந்தது. தெருவைச் சுத்தமாக வைப்பதற்கோ, தரம் பிரித்து வாங்குவதற்கோ அந்தக் கணக்கில் தனியாகப் பைசா கிடையாது.

2020-ல் சில மண்டலங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் இதை மாற்றினார்கள். எடைக்குப் பதில், வீடு வீடாக வந்தார்களா, தரம் பிரித்தார்களா, புகாரைச் சரி செய்தார்களா என்ற செயல்பாட்டு அளவுகோல்களை வைத்துப் பணம். காகிதத்தில் இது நல்ல மாற்றம்தான். ஆனால் அளவுகோலைச் சரிபார்க்கத் தனி ஆள் வேண்டும். நிறுவனம் கொடுக்கும் கணக்கையே நம்பி பில் பாஸ் ஆனால் பழைய கதைதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. குப்பை வேலையில் பெரிய செலவு ஆட்களின் சம்பளம். குறைந்த விலைக்கு எடுத்தவர் வேறு எங்கே கை வைப்பார்? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியதன் பின்னால் இருந்த பயமே இதுதான்: தனியாருக்குப் போனால் கைக்கு வரும் சம்பளம் குறைந்துவிடும். ஊழியர் ஊதியம் இதற்குக் கீழே போகக் கூடாது என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிவிட்டால், விலைப் போட்டி ஊதியத்தின் மேல் நடக்காது.

அடிமாட்டு விலை டெண்டர்

உதாரணத்துக்கு 10 லட்ச ரூபாய் எஸ்டிமேட் வேலையை ஒருவர் ஏழரை லட்சத்துக்குக் கேட்கிறார். மாநகராட்சிக்கு இரண்டரை லட்சம் மிச்சம் என்று தோன்றும். அவருக்கு லாபமும் வேணும், கமிஷன் கேட்கும் கைகள் இருந்தால் அதுவும் போகணும். மிச்சப் பணத்தில் விழும் தார் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியதில்லை, முதல் மழை சொல்லிவிடும்.

பில் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் கிடப்பதும் ஒரு காரணம். நேர்மையாக வேலை செய்பவர் வட்டிக்கு வாங்கித் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒதுங்குவார். மிஞ்சுவது நாலு பேர். நாலு பேர் பேசி வைத்துக்கொள்வது சுலபம்.

இங்கேதான் கவுன்சிலர்களுக்கு வேலை. மன்றக் கூட்டத்தில் டெண்டர் பொருள்களை மொத்தமாக 'நிறைவேற்றப்பட்டது' என்று தாண்டிப் போகாமல், எஸ்டிமேட்டுக்கும் கேட்ட விலைக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன், எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், ஒரே வேலையை ஏன் துண்டு துண்டாகப் பிரித்தீர்கள் என்று கேட்டாலே பாதி சரியாகும்.

எம்-புக் என்ற முக்கியமான நோட்டு

வேலை முடிந்ததும் இன்ஜினியர் அளந்து எழுதுவது 'எம்-புக்', அதாவது அளவுப் புத்தகம். இதில் எழுதியிருப்பதை வைத்தே பில் தயாராகிறது. இரண்டு அங்குலம் போட்டதை மூன்று என்று எழுதினால் மூன்றுக்கான பணம் போகும். டெண்டரை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தாச்சு. ஆனால் தெருவில் டேப் பிடித்து அளப்பது இன்னும் மனுஷன்தான்.

நாம் எதைக் கேட்கலாம்?

ஓடிக்கொண்டிருக்கும் டெண்டர்களை அரசின் ஆன்லைன் டெண்டர் தளத்தில் யாரும் பார்க்கலாம். மீதி விவரத்துக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது.

'எங்க தெரு ரோடு ஏன் மோசம்' என்று எழுதினால் பதில் வராது, அது தகவல் இல்லை. தெருப் பெயர், வேலை நடந்த மாதம் போட்டு, எஸ்டிமேட் நகல், ஒப்பந்தப் பத்திரம், எம்-புக் பக்கங்கள், ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் முடியும் தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்றால், உங்க தெரு குழியை அடைக்க மாநகராட்சி புதுசாக டெண்டர் விட வேண்டியதே இல்லை.